தாச்சியின் மூன்றாம் பங்கு

எங்கள் பஞ்சாயத்துக் கோர்ட்டுக்கு நஷ்டப்பட்டவர் நேரில் வருவது அபூர்வம். வீட்டில் யாருக்கு வாய் அதிகமோ அவரை அனுப்புவார்கள். அண்ணனின் ஆட்டுக்காகத் தம்பி வருவான். கொழும்பில் இருக்கும் மருமகனின் சைக்கிளுக்காக மாமனார் வருவார். ஒருமுறை, தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலித் தகராறுக்காக உடன்குடியிலிருந்து ஒருவர் நடந்தே வந்தார். நன்றாகப் பேசுவார் என்று கூப்பிட்டிருந்தார்கள். நன்றாகத்தான் பேசினார்.

தலைவர் காசிலிங்கம் அண்ணாச்சி எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்வி.

"பொருள் யாருது?"

"எங்க அண்ணனுது."

"அப்ப அண்ணன் வரட்டும்."

"அவனுக்குப் பேச வராது அண்ணாச்சி."

"பேச வேண்டாம். வந்து நின்னாப் போதும். அடுத்த ஆளு வா."

அவர் கண்டிப்பாக இருந்த விதி இது ஒன்றுதான். மற்றபடி, சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போதே மாட்டுத் தரகர் யாராவது தெருவில் போனால் எழுந்து போய்ப் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு வருவார், மாட்டின் பல்லை.

நான் அங்கே எழுத்தர். பி.ஏ. முடித்துவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் இருந்தேன். 1943 மாசியில் என் மனைவி செண்பகம் காய்ச்சலில் இறந்தாள். அவளுடைய பெட்டியை அவள் அம்மாவிடம் கொடுப்பதற்காக இந்த ஊருக்கு வந்தேன். கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. கேட்டவர்களிடம், துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சொன்னேன். சாப்பாடு மாமியார் வீட்டில். படுக்கை, கோர்ட்டு நடக்கும் சாவடியில். "சும்மாதான இருக்கீரு" என்று ஒருநாள் காசிலிங்கம் அண்ணாச்சி பேனாவைக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மறு வருஷம் பங்குனியில், பனைகளில் பதனீர் இறங்கத் தொடங்கிய வாரம், என் மாமியார் சண்முகத்தாய் கோர்ட்டுக்கு வந்தார். காலையில் எனக்குச் சோறு போட்டபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்து தலைவர் முன்னால் நின்றார். என் பக்கம் பார்க்கவில்லை.

"என்ன வழக்கு?"

"தாச்சி."

தாச்சி என்பது பதனீர் காய்ச்சுகிற பெரிய செம்புச் சட்டி. ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம். விடியலில் இறக்கிய பதனீரை வெயில் ஏறுவதற்குள் அதில் ஊற்றி அடுப்பில் ஏற்றினால்தான் கருப்பட்டி. தாமதித்தால் புளித்துவிடும். சண்டைக் காலம் அது. நாட்டிலுள்ள செம்பெல்லாம் பீரங்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. புதுத் தாச்சி எந்தக் கடையிலும் கிடையாது.

மாமியார் சொன்ன விவரம் இதுதான். கடைக்கார அய்யாக்குட்டி, மகள் கல்யாணத்துக்குப் பாயசம் வைக்க வேண்டும் என்று தை மாதம் தாச்சியை இரவல் வாங்கிப் போனார். கல்யாணம் முடிந்தது. மகள் இப்போது முழுகாமல்கூட இருக்கிறாள். தாச்சி மட்டும் வரவில்லை. வலைக்குச் சாயம் காய்ச்சுவதற்காக மணப்பாட்டு மீன்காரர்களுக்கு அதை வாடகைக்கு விட்டுவிட்டார்.

"கேட்டுப் பாத்தியா?" என்றார் தலைவர்.

"கேட்டேன். 'நான் வாங்குனது சுடலைமாடத்திகிட்ட. அவ வந்து கேட்டா எடுத்துக் குடுக்கேன்'ங்காரு."

"அப்ப அவ கேக்க வேண்டியதுதான."

"அவளும் போயிருக்கா. அவகிட்ட, 'சண்முகத்தாயும் பங்குக்காரில்லா, அவ வந்து கேக்கட்டும்'னுட்டாரு."

"சரி, ரெண்டு பேரும் சேந்து போங்களேன்."

சாவடியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

சுடலைமாடத்தியும் என் மாமியாரும் பேசிக்கொள்வதில்லை. இருவருடைய பனைவிளையும் அடுத்தடுத்து இருக்கிறது. என் மாமியார் தம் மாமியார் செத்த வீட்டில் ஒப்பாரி வைத்தபோது, "இது போன வருசம் எருமை செத்ததுக்குப் பாடுனதுல்லா" என்று சுடலைமாடத்தி சொல்லிவிட்டார். பாட்டு அதேதான் என்று ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். அன்றோடு பேச்சு நின்றது. தாச்சி மட்டும் பொதுவில் இருந்தது. ஆளுக்கு முறைநாள் உண்டு. ஒருவர் காய்ச்சி முடித்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். மறுநாள் மற்றவர் வந்து நிமிர்த்துவார். பேச வேண்டிய அவசியமே இல்லை. அய்யாக்குட்டிக்கு இது நன்றாகத் தெரியும். இருவரும் தனித்தனியாகக் கருப்பட்டி கொண்டுபோய்ப் போடுவது அவர் கடையில்தான்.

"பொருள் யாருது?" என்று தலைவர் தம் கேள்விக்கு வந்தார்.

"பங்குப் பொருளு."

"அப்ப பங்குக்காரங்க அத்தனை பேரும் வரணும். ஒருத்தி மட்டும் போட்டா வழக்குச் செல்லாது. நான் உன் கையில வாங்கிக் குடுப்பேன். நாளைக்கு இன்னொருத்தி வந்து, என் பங்கு எங்கன்னு என் வேட்டியைப் பிடிப்பா."

"அவகூட நான் வந்து நிக்கவா?"

"நிக்காண்டாம். உக்காந்துக்கோ."

அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் வந்தார்கள். சாவடித் தூண்களில் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் மேஜை. மேஜையில் நான்.

"தாச்சி எப்ப வாங்குனதுன்னு அந்தப் பக்கம் கேளுங்க மாப்பிள்ளை," என்றார் மாமியார்.

"அந்தப் பக்கத்துக்கு மறந்துபோச்சுன்னா இந்தப் பக்கம் சொல்லும்," என்றார் சுடலைமாடத்தி. "திருச்செந்தூர் மாசித் திருநா முடிஞ்ச மறுநாளு. வண்டியில வச்சுக் கொண்டாந்தது எங்க வீட்டு மனுசன்."

"வண்டி யாருதுன்னு கேளுங்க."

"வண்டி அவியளுது. மாடு எங்களுது."

"மாட்டுக்குத் தீவனம் யாரு போட்டாங்கன்னு கேளுங்க."

எழுத வேண்டாம் என்று தலைவர் எனக்குச் சைகை காட்டினார்.

"மாட்டை விடுங்க. பங்கு ரெண்டுதான?"

இருவரும் ஒரே சமயத்தில் ஒரே திசையில் பார்த்ததை அன்றுதான் கண்டேன். வெளியே நின்ற வேப்பமரத்தைப் பார்த்தார்கள்.

"மூணு," என்றார் சுடலைமாடத்தி.

"மூணாவது யாரு?"

"அதை அந்தப் பக்கம் சொல்லட்டும்."

மாமியார் சேலை முந்தியை விரலில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

"செண்பகம்," என்றார்.

'மூன்றாவது பங்கு' என்று எழுதிவிட்டுப் பேனாவோடு காத்திருந்தேன். பெயரை எழுதினேன். எழுத்து ஒழுங்காகத்தான் வந்தது.

எனக்குத் தெரியாது. ஆவணியில் எங்கள் கல்யாணம். மாசியில் அவள் இல்லை. இடையில் ஒரு பதனீர்க் காலம்கூட வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஓலைப்பெட்டி முடைந்து விற்று வாங்கிய பங்கு என்று மாமியார் சொன்னார். தலைவரிடம் சொன்னார், என்னிடம் அல்ல.

"மக பங்கு தாய்க்குத்தான அண்ணாச்சி. நான் ஒருத்தி கேட்டாப் போதும்னு நெனச்சுத்தான் அன்னைக்கு வந்தேன்."

"தாய்க்கு இல்ல. பிள்ளை இல்லாமப் போனவ பொருளு புருசனுக்கு." தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஓய், பேனாவைக் கீழ வையும்."

"ஏன் அண்ணாச்சி?"

"நீரு வழக்காளி. வழக்குப் போடுதவன் கோர்ட்டுல எழுதக்கூடாது. எந்திச்சு அங்கன போயி நில்லும்."

"என் பங்கை அத்தைக்கே விட்டுக் குடுத்திருதேன்."

"அது எப்படி?" சுடலைமாடத்தி தூணை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தார். "அப்ப அங்கன நாலு நாளு, எனக்கு ரெண்டு நாளா? மூணும் ஒண்ணுபோலன்னுதான வாங்குனோம்."

"நான் கேக்கலைன்னு அந்தப் பக்கம் சொல்லுங்க," என்றார் மாமியார். "எனக்கு அந்தப் பங்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவ பேரை இவர் காதுல போடக்கூடாதுன்னுதான் இத்தனை நாளும் இருந்தேன். இதுக்கு மேல இழுக்க வேண்டாம் அண்ணாச்சி. தாச்சி போனாப் போவட்டும்."

தாச்சி போனால் இரண்டு வீட்டுக்கும் அந்த வருஷம் கருப்பட்டி கிடையாது. கருப்பட்டி இல்லாவிட்டால் மழைக்காலத்துக்கு அரிசி கிடையாது. அப்போதே இருவரும் இறக்கிய பதனீரைக் காய்ச்ச வழியில்லாமல் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் எனக்கும் ஒரு செம்பு வந்தது. குடித்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

எழுந்தேன். பேனாவைத் தலைவர் முன்னால் வைத்தேன். இரண்டு தூண்களுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"நானும் வழக்காளிதான்," என்றேன். "எழுதிக்கிடுங்க."

மனுவைத் தலைவரே எழுதினார். அவர் எழுத்து அவருக்கே விளங்காது. எழுதி முடித்து உரக்கப் படிக்க முயன்று, இரண்டாவது வரியில் விட்டுவிட்டு, "விசயம் எல்லாருக்கும் தெரியும்லா," என்றார். இரண்டு கைநாட்டு, ஒரு கையெழுத்து. கீழே இடம் போதாமல் சுடலைமாடத்தியின் ரேகை மாமியாரின் ரேகை மேல் பாதி ஏறிவிட்டது.

"அழிச்சிட்டு வேற வைக்கவா?" என்றார் அவர்.

"கிடக்கட்டும். கைநாட்டாவது ஒட்டிக்கிட்டுக் கிடக்கட்டும்," என்றார் தலைவர்.

விசாரணைக்கு அய்யாக்குட்டி அண்ணாச்சி சலவைச் சட்டையும் திருநீறுமாக வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அரிசி கிடைக்காத நாட்களில் ஊரில் யாரையும் அவர் பட்டினி போட்டதில்லை. இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதுதான் அவருக்கு வராது. அவருடைய தம்பியின் குடை பல வருஷமாக அவர் கடையில் தொங்குகிறது. மழை பெய்தால் தம்பி கடைக்கு வந்து அதன் அடியில் நிற்பார்.

கூடவே தூத்துக்குடியிலிருந்து மருமகனை அழைத்து வந்திருந்தார். மருமகன் கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல்.

"இங்க வக்கீலுக்கு வேலை இல்ல தம்பி," என்றார் தலைவர். "வழக்குக்காரன் மட்டும்தான் பேசலாம். கோட்டைக் கழட்டிட்டு அந்த நிழல்ல உக்காருங்க. யாராவது தம்பிக்குப் பதனீர் குடுங்க. ஊர்ல நிறையக் கிடக்கு."

அய்யாக்குட்டி தனியாக நின்றார். கலங்கவில்லை.

"நான் தரமாட்டேன்னு எப்பச் சொன்னேன்? நீங்களே சொல்லுங்க. பங்குப் பொருளு. ஒருத்தி கையில குடுத்தா இன்னொருத்தி வந்து கடை வாசல்ல நிப்பா. எனக்கு எதுக்கு வம்பு? மூணு பேரும் ஒண்ணா வந்து கேக்கட்டும். இந்த நிமிசமே தாரேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. என்னைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தம்பி, தப்பா எடுத்துக்கிடாதீக. நான் அதை நெனச்சுச் சொல்லலை. வாய்ல வந்துட்டு."

"மூணு பேரும் வந்திருக்கோம் அண்ணாச்சி," என்றேன். "செண்பகத்துக்கு நான்."

அவள் பெயரை இந்த ஊரில் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்ல முடிந்தது.

"அப்ப கேளுங்க," என்று தலைவர் எங்களிடம் சொன்னார். "அவரு சொன்ன மாதிரியே ஒண்ணாக் கேளுங்க."

"தாச்சியக் குடுங்க," என்றார் மாமியார். "குடுத்திருங்க அண்ணாச்சி," என்றார் சுடலைமாடத்தி. நான் சற்றுப் பின்தங்கிவிட்டேன்.

"ஒண்ணா வரலை. திருப்பிச் சொல்லுங்க."

திருப்பிச் சொன்னோம். ஒன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்வது போல் இருந்தது. நிழலில் இருந்த வக்கீல் பதனீர் புரைக்கேறி இருமினார். கடைசியில் அய்யாக்குட்டியே சிரித்துவிட்டார். "வண்டியும் நானே தாரேன்," என்றார். "எடுத்திட்டுப் போங்க. இல்லைன்னா ராத்திரி கனவுலயும் மூணு பேரா வருவிய."

மறுநாள் மூவரும் மணப்பாட்டுக்குப் போனோம். வண்டியில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். நடுவில் நான்.

கோவில் மேட்டுக்குக் கீழே, மணலில் மூன்று கல் வைத்து, எங்கள் தாச்சியில் வில்பிரட் என்பவர் மரப்பட்டைச் சாறு காய்ச்சிக்கொண்டிருந்தார். உள்ளே வலை கிடந்து வெந்தது. சாறு இரத்தம் போல் சிவப்பு. பார்த்ததும் சுடலைமாடத்தி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி சட்டின்னுதான எடுத்தோம்," என்றார் வில்பிரட். "ஒங்களதுன்னு தெரியாது. கொண்டு போங்க. ஆனா வலை வெந்து முடியணும். பாதியில எடுத்தா நூலு இத்துப் போவும். செத்த நேரம் இருங்க."

இருந்தோம். அவர் மனைவி ஆக்னஸ் சுக்குக் காப்பி கொடுத்தார். வீட்டுக்கு என்று ஓலைப்பெட்டியில் சாளை மீனும் போட்டுக் கொடுத்தார். அந்தப் பெட்டியை மாமியார் திருப்பித் திருப்பிப் பார்த்து, "முடைச்சல் நெருக்கம் பத்தாது," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

வலையை எடுத்த பிறகு தாச்சியை ஈர மணலாலும் புளியாலும் தேய்க்க ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நான் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனேன். திரும்பி வரும்போது காற்று அவர்கள் பக்கத்திலிருந்து அடித்தது.

"ஏளா, விளிம்ப விட்டுட்டு நடுவுலயே தேச்சிட்டிருக்கியே."

"விளிம்பு ஒன் பக்கம்லா இருக்கு."

"என் பக்கம் தேச்சு முடிச்சாச்சு. கண்ணு தெரியலன்னா எந்திச்சு வந்து பாரு."

"எனக்கு எல்லாம் தெரியுது. கையில தெம்பு இருக்கவ தேய்க்கட்டும்னு பாக்கேன்."

என்னைக் கண்டதும் இருவரும் நிறுத்திவிட்டுக் குனிந்துகொண்டார்கள். குடத்தை வைத்தேன். இன்னொரு குடம் வேண்டியிருக்கும் என்று சொல்லித் திரும்பப் போனேன். தண்ணீர் தேவைப்படவில்லை. கரையில் உட்கார்ந்திருந்தேன். நேரம் ஆகட்டும் என்று இருந்தேன்.

தாச்சி வந்த பிறகு ஒரு சிக்கல் எழுந்தது. என் முறைநாள். புதனும் சனியும். ஆள் வைத்துக் காய்ச்சலாமா என்று கேட்டேன்.

"முறைக்காரர்தான் நின்னு காய்ச்சணும்," என்றார் சுடலைமாடத்தி. "கோர்ட்டுல நிக்கத் தெரிஞ்சுதுல்லா."

"அவரு காலேசுல படிச்சவரு," என்றார் மாமியார்.

"நல்லதாப் போச்சு. சீக்கிரம் படிச்சுக்கிடுவாரு."

எனக்குப் பனை கிடையாது. ஆகவே என் நாட்களில் இரண்டு விளையிலிருந்தும் பாதிப் பாதி பதனீர் ஊற்றுவது என்று முடிவாயிற்று. தன் பாதிக்கு என்ன கதி என்று பார்க்க இருவரும் அடுப்பங்கரைக்கு வந்தார்கள்.

முதல் புதன்கிழமை. நுரை பொங்கியது. ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு அடக்கினார்கள். துடுப்பால் கிண்டினேன். கை விட்டுப்போயிற்று. பாகு கெட்டிப்பட ஆரம்பித்ததும், "இறக்குங்க," என்றார் மாமியார். "இன்னும் ஒரு கொதி கிடக்கு," என்றார் சுடலைமாடத்தி. நான் இருவருக்கும் கட்டுப்பட்டேன். இறக்கினேன். மறுபடி ஏற்றினேன். மறுபடி இறக்கினேன். சிரட்டைகளில் ஊற்றியது ஊற்றிய மறுகணமே இறுகிப் போயிற்று.

சனிக்கிழமை காலையில் அய்யாக்குட்டி அண்ணாச்சி சாக்கோடு வந்தார். ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். கல்லில் தட்டினார். கல்லில் ஒரு சில்லு தெறித்தது.

"தம்பி," என்றார். "இதைத் தராசுப் படிக்கல்லா வேணும்னா வச்சுக்கிடுதேன்."

சொன்னபடியே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். இரவல் என்றுதான் சொன்னார்.

அன்றைய பதனீர் அதற்குள் அடுப்பில் ஏறியிருந்தது. நான் துடுப்போடு நின்றேன். மாமியார் ஒரு கருப்பட்டியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"செண்பகம் மொத மொதக் காய்ச்சுனது இதைவிட மோசம்," என்றார்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கருப்பட்டியைக் கீழே வைத்தார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

மாமியார் தயங்கினார். சுடலைமாடத்தி தயங்கவில்லை.

"பாகை இறக்கி வச்சிட்டு நக்கிப் பாக்கப் போயிருக்கா. குனிஞ்சவ சடை தாச்சிக்குள்ள. பாகு இறுகிட்டு. சடை வர மாட்டேங்கு. தாச்சியும் பிள்ளையும் ஒண்ணாக் கிடக்கு."

"வெட்டிருவோம்னு இவ அருவாளை எடுத்திட்டு வந்துட்டா," என்றார் மாமியார்.

"சும்மா பயங்காட்டத்தான்."

"சும்மாவா? பிள்ளை அலறுன அலறல் எனக்குல்லா தெரியும்."

"ஒரு வழியா வெந்நீரை ஊத்தி ஊத்தி எடுத்தோம். ஒரு வாரத்துக்கு எறும்பு அவ பின்னாலயே போச்சு. கோயிலுக்குப் போனா கோயிலுக்குப் போச்சு."

"சடைய எடுத்ததும் இவளக் கண்டு ஓடிப் பனையில ஏறிட்டா."

"என்னையா? இவளக் கண்டு."

"சரி, ரெண்டு பேரையும் கண்டுதான்."

எனக்குத் தெரிந்த செண்பகம் அதிர்ந்து நடக்காதவள். தலை நிமிராமல் காப்பி கொண்டுவந்து வைப்பாள்.

"பனையிலயா?" என்றேன். "எவ்வளவு உயரம்?"

"பாதிப் பனைக்கு."

"பாதி எங்க? முக்கா. பாளையத் தொட்டுட்டா. அங்கயிருந்து இறங்க மாட்டேன்னுட்டா. எறும்பும் பின்னாலயே ஏறுது."

நான் சிரித்தேன். சத்தமாக வந்துவிட்டது. மாமியார் முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அடுப்பிலிருந்து கரிந்த வாடை வந்தது. யாரும் கிண்டவில்லை. தாச்சி அடிப்பிடித்துக்கொண்டிருந்தது.

"பிடிச்சாப் பிடிச்சிட்டுப் போவுது," என்று சுடலைமாடத்தி விறகை வெளியே இழுத்துப் போட்டார். "அந்தப் பனை இன்னும் நிக்கி. பாதியா முக்காலான்னு இப்பப் பாத்திருவோம். ஏளா, வா."

மூவரும் பார்க்கப் போனோம்.